இறந்த குட்டியை 17 நாள் சுமந்த தாய்!

அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வாஷிங்டன் மாநிலம் இருக்கிறது. அங்கே சான் ஜுவான் தீவில் உள்ள சிறு துறைமுகம் பிரைடே ஹார்பர். கோடைக் காலத்தில் அங்கிருந்து படகுகள் புறப்படும். பயணிகள் பார்க்கப் போவது ஓர்க்கா திமிங்கலங்களை!

"புஸ்" என்று ஒரு சத்தம். நீர்த்திவலை புகைபோல் மேலே எழும். அடுத்த நொடி கறுத்த முதுகு தெரியும். ஆண் ஓர்க்காவின் முதுகுத் துடுப்பு 6 அடி வரை வளரும். ஓர் ஆள் உயரம்!

இதற்குக் "கொலைகாரத் திமிங்கலம்" என்று பெயர். உண்மையில் இது டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் இதுவே பெரியது.

பிரியாத பிள்ளைகள்

இந்தக் கடலில் உள்ள ஒரு வகை ஓர்க்கா, கடல்நாய்களை வேட்டையாடும். இன்னொரு வகை மீன்தான் தின்னும். சினூக் என்ற சால்மன் மீன் அதற்கு உயிர்.

மீன் தின்னும் ஓர்க்காக்களின் குடும்பத்துக்குத் தாய்தான் தலைவி. பிள்ளைகள் வளர்ந்த பிறகும் தாயை விட்டுப் போவதில்லை. தனிக்குடித்தனம் என்ற பேச்சே கிடையாது!

தாயின் துயரம்

2018-ல் ஜே-35 என்ற தாய் ஒரு குட்டி ஈன்றது. அரை மணி நேரத்தில் குட்டி இறந்தது. தாய் அதை விடவில்லை. தலையில் தாங்கியபடி 17 நாட்கள் நீந்தியது. சுமார் 1,600 கிலோ மீட்டர்! உலகமே கலங்கியது.

இந்த இனத்தில் 2024 கணக்குப்படி 73 ஓர்க்காக்களே இருந்தன. சால்மன் மீன் குறைந்துவிட்டது. வயிறு நிறையாததால் பல கருக்கள் தங்குவதில்லை.

சத்தம் ஓர் எதிரி

ஓர்க்கா ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டுத்தான் மீனைப் பிடிக்கிறது. படகின் இரைச்சல் அதைக் குழப்புகிறது. படகு நெருங்கினால் பெண் ஓர்க்காக்கள் இரை தேடுவதையே நிறுத்திவிடுகின்றன. ஆசையோடு பார்க்க வந்தவர்களே அவற்றைப் பட்டினி போட்டார்கள்!

அதனால் வாஷிங்டன் மாநிலம் சட்டம் போட்டது. 2025 ஜனவரி முதல், மீன் தின்னும் ஓர்க்காக்களிடமிருந்து படகுகள் 1,000 கெஜம் தள்ளியே நிற்க வேண்டும். ஆகவே, பயணிகளின் படகுகள் பெரும்பாலும் மற்ற வகையைத் தேடிப் போகின்றன. அவற்றிடமிருந்தும் 200 கெஜம் விலகி நிற்க வேண்டும்.

அதே ஜனவரியில் ஜே-35 மீண்டும் காணப்பட்டது. அதன் தலையில் இறந்துபோன இன்னொரு குட்டி இருந்தது.