அப்பா உட்கார்ந்த இடத்தில் மகன்

டீ கொஞ்சம் ஆறட்டும் தம்பி. பிரிந்துபோன இசைக் கலைஞர்கள் மறுபடி சேர்ந்தால் எனக்கு ஏன் கால் தரையில் நிற்பதில்லை என்று கேட்டாயே, ‘சக்தி’ குழுவை வைத்தே சொல்கிறேன்.

ஜான் மெக்லாஃப்லின் இங்கிலாந்துக்காரர். எலக்ட்ரிக் கிதாரில் அரங்கை அதிரவைத்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு சப்பணமிட்டு உட்கார்ந்தார். அதுதான் ‘சக்தி’. 1975இல் பதிவான கச்சேரிதான் அவர்களின் முதல் ஆல்பம்.

‘சக்தி’யில் அவர் வாசித்த கிதாரைக் கிட்டப் போய்ப் பார். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கும். தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கலாம். சாதாரணக் கிதாரில் விரல் மரத்தில் முட்டி நின்றுவிடும். அதனால் மெட்டுகளுக்கு நடுவே மரத்தையே குடைந்து பள்ளமாக்கிய கிதார் ஒன்றைச் செய்து வாங்கினார். அழுத்த இடம் கிடைத்ததும் ஸ்வரம் அசையத் தொடங்கியது. நம் சங்கீதத்துக்காக ஒருவர் தன் வாத்தியத்தையே மாற்றிக்கொண்டார். நான் மனதைப் பறிகொடுத்தது அங்கேதான்.

மூன்று ஆல்பங்களோடு, எழுபதுகளின் கடைசியில் குழு கலைந்தது.

1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மறுபடி சேர்ந்தார்கள். வயலின் இல்லை; ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் வந்தது. அடுத்து மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ். விநாயக்ராம் கடத்தோடு உட்கார்ந்த இடத்தில், கொஞ்ச நாளில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு உட்கார்ந்தார்.

கஞ்சிரா ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாசிக்கிற சின்ன வாத்தியம். தோலில் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குவார்கள். வலது கை அடிக்கும்போதே, பிடித்திருக்கும் இடது கை விரல்கள் தோலை அழுத்தி நாதத்தை வளைக்கும். செல்வகணேஷ் அப்படி ‘கும்’ என்று இழுக்க, ஜாகிர் சிரித்துக்கொண்டே தபலாவின் இடது பக்கமான பாயாவில் அதற்குப் பதில் சொல்வார். அப்பாவோடு பேசிய பேச்சை மகனோடு தொடர்வதுபோல இருக்கும்.

நான் காத்திருப்பது இதற்குத்தான் தம்பி. பழைய உருப்படி வேண்டுமென்றால் கேசட் போதும். இத்தனை வருஷம் தனித்தனியே வாசித்துப் பழுத்தவர்கள், இன்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் எப்படிக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பது எந்தக் கேசட்டிலும் இல்லை. அது மேடையில், அந்த நிமிஷத்தில் பிறக்கிறது.

ஸ்ரீனிவாஸ் 2014இல் போய்விட்டார். 2023இல் ‘சக்தி’யின் ‘திஸ் மொமெண்ட்’ ஆல்பம் வந்தது. 2024 பிப்ரவரியில் அதற்கு கிராமி விருது. அதே வருஷம் டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்டார். அந்தத் தபலாவும் அந்தக் கஞ்சிராவும் இனி ஒரே மேடையில் பேசப்போவதில்லை.

அதனால்தான், யாரோ மறுபடி சேர்கிறார்கள் என்று சேதி வந்தால் அன்றைக்கே டிக்கெட் வாங்க ஓடுகிறேன். குடி, டீ பதமாக ஆறியிருக்கும்.