பல் நட வழி காட்டுது கம்ப்யூட்டர்!
செலவு எவ்வளவு? ஆபத்து உண்டா?

தேனி,

பெரியவர்களுக்கு விழுந்த பல் முளைக்காது. ஆனால் நடலாம்! நாற்று நடுவது போல தாடை எலும்பில் பல்லை நட்டு விடுகிறார்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் நடுவது என்று கம்ப்யூட்டர் வழி காட்டுகிறது.

கம்பத்தில் ஒரு திராட்சை விவசாயி. வயது 60. கீழ்க் கடைவாய்ப் பல் போய்விட்டது. கழற்றி மாட்டும் செட் ஆடுகிறது. "முறுக்கைக் கடிச்சு வருஷக் கணக்காச்சு" என்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் கேட்பது மூன்று கேள்வி. வலிக்குமா? எவ்வளவு ஆகும்? வேறு ஏதும் ஆகிவிடுமா?

எப்படி நடக்கிறது?

முதலில் தாடையை ஸ்கேன் எடுக்கிறார்கள். எலும்பின் உயரம், அகலம், நரம்பு ஓடும் பாதை எல்லாம் திரையில் தெரியும். டாக்டர் அதிலேயே ஒத்திகை பார்க்கிறார். அதன்படி துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் அச்சு தயாராகிறது. அச்சை வாயில் பொருத்தி, துளை வழியாகத் துளைபோட்டு, டைட்டானியம் திருகை முடுக்குகிறார்கள்.

மரத்துப்போக ஊசி உண்டு. வலி தெரியாது. அதிர்வு மட்டும் தெரியும். பலருக்கு ஈறை அகலமாகக் கிழிக்க வேண்டியதில்லை. அதனால் வீக்கம் குறைவு. ஆனால் உடனே முறுக்கு கடிக்க முடியாது! எலும்பு ஒட்ட சாதாரணமாக 3 முதல் 6 மாதம் ஆகும். பிறகுதான் மேல் பல்.

40 ஆண்டு உழைத்த பல்

1952-ல் சுவீடன் டாக்டர் பிரனேமார்க் முயல் எலும்பில் டைட்டானியம் வைத்தார். கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்போடு ஒட்டிவிட்டது! 1965-ல் கோஸ்டா லார்சன் என்பவருக்குப் பல் நட்டார். 2006-ல் லார்சன் இறக்கும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் அது உழைத்தது.

பில் எகிறும்

தனியாரிடம் ஒரு பல்லுக்கு சுமார் 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை ஆகிறது. ஸ்கேன், அச்சு, எலும்புப் பொடி எல்லாம் தனிக் கணக்காக வரலாம். விபத்தில் போன பல் தவிர மற்றதற்கு பெரும்பாலான இன்சூரன்ஸ் பாலிசிகள் பணம் தருவதில்லை.

அலைச்சலும் உண்டு. மதுரைக்குப் போக தேனிக்காரருக்கு 2022 முதலும், போடிக்காரருக்கு 2023 முதலும் அகல ரெயில் பாதை இருக்கிறது. கம்பத்துக்காரருக்கு பஸ்தான்!

கம்ப்யூட்டரும் தவறும்

கம்ப்யூட்டர் என்றால் தப்பே வராது என்று நினைக்கக் கூடாது. அச்சு வைத்தாலும் திருகு சராசரியாக 1 மில்லி மீட்டருக்கு மேல் விலகுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதனால்தான் நரம்புக்கு 2 மில்லி மீட்டராவது இடைவெளி விடுகிறார்கள். நரம்பில் பட்டால் உதடும் முகவாயும் மரத்துப் போகும். சிலருக்கு அது திரும்புவதே இல்லை.

இன்னொரு ஆபத்து சூடு. துளை போடும்போது தண்ணீர் விட்டு எலும்பைக் குளிர வைக்க வேண்டும். அச்சு தண்ணீரை மறைத்தால் எலும்பு சூடாகிக் கெட்டுவிடும். திருகு ஒட்டாது.

சர்க்கரை கட்டுப்படாதவர்கள், பீடி-சிகரெட் பிடிப்பவர்களுக்கு திருகு ஆடிப்போகும் ஆபத்து அதிகம். எலும்புத் தேய்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேட்க வேண்டியது

மொத்த செலவு எவ்வளவு, திருகு ஒட்டாவிட்டால் மறுபடி யார் செலவு, நரம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இந்த மூன்றையும் கேட்டு, செலவை எழுத்தில் வாங்கிய பிறகே நாற்காலியில் உட்கார வேண்டும்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். நரம்பு போனால் உதட்டில் ஒட்டிய சோறு கூடத் தெரியாது!