துளை சின்னதுதானே என்று அலட்சியம் வேண்டாம்!

“மூணு துளைதானேண்ணே போட்டாங்க. அது என்ன பெரிய ஆப்பரேஷனா?”

மேரு வட்டாரத் தோட்டமொன்றில் உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு தங்கச்சி என்னிடம் இப்படித்தான் கேட்டார். பித்தப்பைக் கல்லுக்காக அறுவை செய்து அன்று ஐந்தாம் நாள். அதற்குள் சாக்கைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு வந்துவிட்டார். “வேலைக்கு வரலன்னா சம்பளம் யாரு குடுப்பா?” என்றார். மருத்துவ விடுப்புச் சீட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது!

தோழர்களே, வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுச் செய்யும் இந்த லேப்ராஸ்கோப்பி நல்ல முறைதான். 1985-ல் ஜெர்மனியில் டாக்டர் எரிக் மூஹே இப்படிப் பித்தப்பையை எடுத்தார். வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் வெளியே துளை சின்னதே தவிர, உள்ளே நடப்பது பெரிய அறுவைதான்.

முதலில் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். பிறகு குழாயை நுழைக்கும்போது, அபூர்வமாகச் சிலருக்குக் குடலோ இரத்தக் குழாயோ குத்துப்பட்டுவிடும். குடலில் விழுந்த ஓட்டை சில சமயம் அன்றே தெரியாது. சில நாள் கழித்து உள்ளே கசியும். அப்போது நோயாளி வீட்டில் இருப்பார். அதுதான் ஆபத்து.

ஓரிரு நாள் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். அது வாயுவின் வேலை. ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டிய வயிற்று வலி கூடினால், காய்ச்சல், விடாத வாந்தி, வயிற்று வீக்கம், கண் மஞ்சளாவது, துளையில் சீழ், கால் வீங்கி மூச்சு வாங்குவது – இதில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நடு இரவானாலும் சரி. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இந்தியாவில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் நடந்ததை மறக்கக் கூடாது. 2014 நவம்பர் 8-ல் ஒரே மருத்துவர், சில மணி நேரத்தில் 83 ஏழைப் பெண்களுக்கு இந்த முறையில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தார். நாளொன்றுக்கு 30 பேருக்கு மேல் கூடாது என்பது அரசு விதி. அறுவை முடிந்த கையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாந்தியும் வயிற்று வலியும் பிறகுதான் வந்தன. அந்த மாவட்டத்து முகாம்களில் அறுவை செய்துகொண்ட 13 பெண்கள் மாண்டார்கள். நோய்த்தொற்றா, கொடுத்த மாத்திரையில் கலப்படமா என்று பெரிய வாதமே நடந்தது. இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தும்படி 2016-ல் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அங்கே அவசரப்பட்டது முகாம். இங்கே நம்மை அவசரப்படுத்துவது கூலிப் பயம். அந்தப் பயம் தேவையில்லை. 1955 வேலைச் சட்டத்தின்படி, மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 2023 முதல் இது சாதாரண மருத்துவ விடுப்பில் கழிக்கப்படுவதில்லை. வீட்டில் இருந்தாலும், மருத்துவமனையில் இருக்க வேண்டிய நிலை என்று டாக்டர் சான்று கொடுத்தால் அதுவும் சேரும். ஒன்று மட்டும் முக்கியம்: விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

டாக்டரிடம் உங்கள் வேலை என்ன என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். “குலை தூக்குறேன், சாக்கு சுமக்குறேன்” என்றால்தான் எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று சரியாகச் சொல்வார். ஆறுவதற்கு முன் பாரம் தூக்கினால் துளை வழியாகக் குடல் பிதுங்கி, இன்னொரு அறுவைக்குப் படுக்க நேரிடலாம்.

அந்தத் தங்கச்சி மருத்துவமனையில் சேர்ந்த அன்றே அவர் புருஷன் ஆபீசில் சொல்லியிருந்தார். நல்லதாய்ப் போயிற்று. சீட்டைக் கொடுத்தோம், விடுப்பும் கிடைத்தது, சம்பளமும் கிடைத்தது.

சீட்டைப் பெட்டியில் பூட்டாதீர்கள். வலியை மனசில் பூட்டாதீர்கள்!