கழிவு நீரில் மறைந்திருக்கும் எரிபொருள்

பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், பென்னாகரம் வட்டாரங்களில் விளையும் மரவள்ளிக் கிழங்கு ஆலைகளில் ஜவ்வரிசியாகிறது. அதன் மாவு நெசவாளரின் பாவுக்குக் கஞ்சியாகவும் பயன்படுகிறது. ஆனால் கிழங்கை வாங்கும் ஆலையே கிணற்றைக் கெடுக்கிறது என்ற மனக்குறையும் குடியானவர்களிடையே எழுவதுண்டு. பூசலுக்கு மூலமான அந்நீரைப் பற்றி அங்கத்தினர்கள் சிறிது சிந்தித்தல் நலம்.

கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைத்து, திப்பியைப் பிரித்தபின், மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவிடுகின்றனர். மாவு அடியில் தங்க, மேல்நீர் வெளியேறுகிறது. அந்நீரில் எஞ்சிய மாவுச் சத்தும், கிழங்கிற்கு இயல்பான சயனைடு நஞ்சும் உள்ளன. குட்டையில் தேங்கினால் அது புளித்து நாறும்; நிலத்தில் இறங்கிக் கிணற்றையும் சேரும்.

அந்நீரையே காற்றுப் புகாத கலத்தில் நுண்ணுயிர்களுக்கு உணவாக்கினால் எரிவாயு கிடைக்கும். சாண எரிவாயுக் கலத்தின் தத்துவமே இது. 1970-களில் நெதர்லாந்து தேசத்து அறிஞர் லெட்டிங்கா, நுண்ணுயிர்ப் படுகையினூடே கழிவு நீர் கீழிருந்து மேலேறும் கலத்தை உருவாக்கினார். சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகள் சிலவற்றில் இம்முறையைத் தழுவிய கலங்கள் அமைக்கப்பட்டுள்ளன.

லாபத்தையும் கணக்கிடுவோம். நீரின் அசுத்தத்தை, அதைச் சிதைக்கத் தேவையான ஆக்ஸிஜனைக் கொண்டு அளப்பர். லிட்டருக்கு 5 கிராம் எனக் கொண்டால் 1,000 லிட்டருக்கு 5 கிலோ ஆகும். அதில் 4 கிலோ நீங்கினால் சுமார் 1.4 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். இதன் வெப்பம் ஏறக்குறைய 1 கிலோ சமையல் வாயுவுக்கு ஈடு. வறுப்பு அடுப்புக்கும் மின்சார உற்பத்திக்கும் இது உதவும்.

எச்சரிக்கையும் தேவை. வாயு தரும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. புளிப்பு மிகுந்தால் நலிவன. சுண்ணாம்பிட்டுப் புளிப்பைத் தணித்து, புதிய நீரைச் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும். கிழங்கு வராத மாதங்களிலும் கலத்தைப் பேண வேண்டும். வெளிவரும் நீரைக் காற்றூட்டிச் சோதித்த பின்னரே வயலுக்கு விடலாம்.

சிறு ஆலை இச்செலவைத் தனித்துத் தாங்குவது கடினம். 1981-இல் சேலத்தில் தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஆலைகளை விற்பனைக்காக ஒன்றுசேர்த்தது. விற்பனைக்கு ஒன்றுகூடியோர், அருகருகே உள்ள ஆலைகளுக்குப் பொதுக் கலம் அமைக்கவும் ஒன்றுகூடலாகாதா? நீர்ச் சோதனையின் முடிவைக் கிராமத்தார் அறியச் செய்தால் ஐயமும் நீங்கும். குடியானவரின் கிணறு தெளிந்திருந்தால்தான் அடுத்த ஆண்டும் ஆலைக்குக் கிழங்கு வரும்.