இல்லாத தோட்டத்தைக் காட்டுவது எப்படி?

ஈப்போவைப் பற்றிய ஒரு பயண நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிக்குத் தயாரிப்பது எளிது என்றே எவருக்கும் தோன்றும். 1917ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இரயில் நிலையம், சுண்ணாம்புக் குன்றுகள், குகைக் கோவில்கள், புந்தோங் வட்டாரத்தின் கச்சான் பூத்தே, வெள்ளைக் காப்பி எனக் காட்டுவதற்கு அங்கு நிறையவே உண்டு. கேமராவைத் திருப்பும் இடமெல்லாம் காட்சிதான்.

நகரை விட்டு வெளியேறி, ஒரு பழைய இரப்பர் தோட்டத்தைத் தேடிச் செல்லும் தயாரிப்புக் குழுவின் நிலை வேறு. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டிருக்கும். பால்மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை நிற்கும். அல்லது வீடமைப்புப் பகுதி உருவாகியிருக்கும். பெரட்டுக்களம் எங்கே இருந்தது, ஆயக்கொட்டகை எங்கே இருந்தது என்று சுட்டிக்காட்ட ஆள் கிடைப்பதே அரிது. குழுவிடம் இருப்பவையோ ஒரு கேமரா, மூன்று பேர், இரண்டு நாள் அவகாசம். இவற்றைக் கொண்டு அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றை உருவாக்க முடியுமா? முடியும். அதற்கான வழிமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

காட்சிக் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரங்கள் போக 22 நிமிடங்களை நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1,320 விநாடிகள். ‘ஷாட்’ எனப்படும் காட்சித்துண்டு ஒவ்வொன்றும் திரையில் சராசரியாக 5 விநாடி நின்றால், மொத்தம் 264 துண்டுகள் தேவைப்படும். பாதி நேரத்தைப் பேட்டி அளிப்போரின் முகங்கள் எடுத்துக்கொண்டாலும், மீதிக்கு 132 துண்டுகள் வேண்டும். செம்பனை மரங்களுக்கு நடுவே நின்று எவ்வளவு முயன்றாலும், ஒன்றுக்கொன்று வேறுபட்ட பத்துப் பன்னிரண்டு காட்சிகளே கிடைக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பக் குறுக்கு வழிகள் இல்லாமல் இல்லை. டுரோன் எடுத்த ஒரே வான்காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டலாம். அறிவிப்பாளரை நீண்ட நேரம் பேச வைக்கலாம். இணையத்தில் கிடைக்கும் வேறு ஏதோ ஒரு தோட்டத்தின் படத்தை இடையில் செருகலாம். நேரம் நிரம்பிவிடும், ஆனால், பார்ப்பவருக்கு அந்தத் தோட்டத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. எனவே, அனுபவமுள்ள தயாரிப்பாளர் கேமராவைத் தூக்குவதற்கு முன்பே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறார்.

ஒரே கேள்வி

‘பேராக்கின் இரப்பர் தோட்டங்கள்’ என்பது ஒரு தலைப்பு. அது மிகப் பெரியது. 1877ஆம் ஆண்டு கோல கங்சாரில் நடப்பட்ட முதல் இரப்பர்க் கன்றுகளில் தொடங்கினால், 22 நிமிடத்தில் பாதி வழியைக்கூடக் கடக்க முடியாது. ‘தோட்டத்தை விட்டுச் சென்றவர்கள் எதைத் தங்களோடு எடுத்துச் சென்றார்கள்?’ என்பது ஒரு கேள்வி. இது சிறியது, தேடுவதற்கு வழி காட்டுவது.

இக்கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நாடு விடுதலை பெற்ற காலத்தில் பல பெருந்தோட்டங்களை அவற்றின் ஐரோப்பிய உரிமையாளர்கள் விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றனர். இதனால் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழக்கும் நிலை தொழிலாளர்களுக்கு ஏற்பட்டது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது இந்தச் சூழலில்தான். தொழிலாளர்கள் தவணை முறையில் பணம் செலுத்திப் பங்குதாரர்களாயினர். சங்கம் தோட்டங்களை வாங்கியது. இருப்பினும், பின்னர் வந்த செம்பனைப் பயிரும் வீடமைப்புத் திட்டங்களும் பல தோட்டக் குடியிருப்புகளைக் கலைத்துவிட்டன. மக்கள் ஈப்போவின் புறநகர்களுக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தனர்.

கேள்வி இவ்வாறு அமைந்தவுடன் படப்பிடிப்பு இடமும் மாறிவிடுகிறது. தோட்டம் இருந்த நிலத்தில் மட்டும் தோட்டத்தைத் தேட வேண்டியதில்லை. அது ஓர் அடுக்குமாடி வீட்டின் அலமாரியில் பால் சீவும் உளியாக இருக்கலாம். பூச்சாடியாக மாறிய மங்காக இருக்கலாம். புதிய இடத்தில் எழுப்பப்பட்ட கோவிலில் பழைய தெய்வச் சிலையாக இருக்கலாம். பள்ளியின் பெயர்ப்பலகையில் ஒரு சொல்லாகவும் இருக்கலாம்.

முன்னாய்வுப் பயணம்

படப்பிடிப்புக்கு முன் கேமரா இல்லாமல் ஒருமுறை சென்று வருவது முன்னாய்வுப் பயணம் ஆகும். செலவைக் குறைக்க நினைக்கும் சிலர் முதலில் கைவிடுவது இதைத்தான். உண்மையில், மூலப்பொருள் குறையக் குறைய முன்னாய்வின் தேவை கூடுகிறது.

இப்பயணத்தில் குழுவினர் ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்வர். காணக்கூடியவை, கேட்கக்கூடியவை, சொல்லக்கூடியவை என்பன அவை. பாழடைந்த கிணறு முதல் பத்தியில் இடம்பெறும். கோவில் மணி, பறவை ஒலி, பழைய தையல் இயந்திரத்தின் ஓசை ஆகியவை இரண்டாம் பத்தியில் இடம்பெறும். பெரட்டுக்கு அழைத்த மணி இப்போது இல்லை; ஆனால், அதன் ஓசையைக் கேட்டு விடியுமுன் எழுந்த ஒருவர் இருக்கிறார் என்றால், அது மூன்றாம் பத்திக்கு உரியது. எந்தப் பத்தி காலியாக உள்ளது என்பதைப் பார்த்தே அடுத்த தேடல் தொடங்கும்.

பள்ளிகள் இத்தேடலில் பெரிதும் துணை செய்யும். பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கிந்தா கெல்லாஸ், எல்பில் என அவற்றுள் பல இன்றும் தோட்டப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. தோட்டத்தை விட்டு வேறிடத்துக்கு மாறிய பள்ளிகள்கூடப் பழைய பெயரை விடவில்லை. பழைய வகுப்புப் படமோ ஆண்டு மலரோ பள்ளியில் இருந்தால், அதிலிருந்து பத்துப் பேரையாவது தேடிச் செல்ல வழி பிறக்கும். இவற்றோடு தேசிய ஆவணக் காப்பகம், 1883ஆம் ஆண்டு தைப்பிங்கில் நிறுவப்பட்ட பேராக் அரும்பொருளகம், 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழின் பழைய இதழ்கள் ஆகியவையும் தேட வேண்டிய இடங்களாகும்.

கோட்டையும் கோவிலும்

ஒன்றும் எஞ்சாத இடத்தில்தான் மூலப்பொருள் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய கட்டடம் நிற்கும் இடத்திலும் கதையின் ஒரு பாதி மறைந்திருக்கக்கூடும். பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி கோட்டை இதற்கு நல்ல சான்றாகும்.

ஸ்காட்லாந்து நாட்டவரான வில்லியம் கெல்லி ஸ்மித் இரப்பர்த் தோட்ட உரிமையாளர். 1915ஆம் ஆண்டு இம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். கட்டுமானப் பணிக்கு இந்தியாவிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார். முதலாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் உலகெங்கும் பரவிய ‘ஸ்பானியக் காய்ச்சல்’ இங்கும் பரவித் தொழிலாளர்கள் பலரின் உயிரைப் பறித்தது. எஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோவில் வேண்டும் என்று கேட்க, மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் கோவில் எழுந்தது. 1926ஆம் ஆண்டு கெல்லி ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுபோனது.

1999இல் வெளிவந்த ‘அன்னா அண்ட் தி கிங்’ என்னும் ஹாலிவுட் திரைப்படத்தின் சில காட்சிகள் இம்மாளிகையில் படமாக்கப்பட்டன. அத்தகைய படக்குழுவின் வசதிகளோடு உள்ளூர்க் குழு போட்டியிட முடியாது. போட்டியிடத் தேவையும் இல்லை. சுற்றுப்பயணிகள் பெரும்பாலும் மாளிகையின் கோபுரத்தையும் வளைவுகளையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். உள்ளூர்க் குழு அங்கிருந்து கோவிலுக்கு நடக்கலாம். கோவிலின் மேற்புறத்தில், தெய்வ உருவங்களுக்கிடையே, வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஓர் உருவம் நிற்கிறது. அது கெல்லி ஸ்மித்தின் உருவம் என்பர்.

அவ்வுருவத்தின் மீது கேமராவை அசையாமல் பத்து விநாடி நிறுத்தினால் போதும். பார்ப்பவரின் மனத்தில் கேள்விகள் தாமே எழும். தொழிலாளர்கள் தங்கள் துரையை ஏன் அங்கே வைத்தார்கள்? நன்றியா, மரியாதையா? மாளிகைக்கு அதன் உரிமையாளரின் பெயர் இருக்கிறது; செங்கல் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கே? மாளிகையைப் பற்றிய சுரங்கப்பாதைக் கதைகளையும் ஆவிக் கதைகளையும் சொல்லி நேரத்தை நிரப்புவதைவிட, இக்கேள்விகளைக் கேட்பது பயனுள்ள நிகழ்ச்சியாக அமையும்.

ஒரு மரம், பல காட்சிகள்

இனிப் படப்பிடிப்புக்கு வருவோம். ஒரு தோட்டத்தின் ஓரத்தில் ஒரே ஒரு பால்மரம் எஞ்சியிருக்கிறது. முன்னாள் தொழிலாளி ஒருவர் அதைச் சீவிக் காட்ட இசைகிறார் என்று கொள்வோம். அனுபவம் இல்லாதவர் தூரத்தில் நின்று அதை ஒரே காட்சியாக எடுத்துவிடுவார். தேர்ந்த ஒளிப்பதிவாளர் அதே செயலைக் குறைந்தது ஐந்து கோணங்களில் எடுப்பார். உளியைப் பிடித்த கை, அவருடைய முகம், மரமும் மனிதரும் சேர்ந்த முழுக்காட்சி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் காண்பது, இறுதியாக எவரும் எதிர்பாராத ஒரு கோணம். கீறலின் வழியே மெல்ல இறங்கி மங்கில் விழும் முதல் துளிப் பால் அந்த ஐந்தாவது காட்சியாக அமையலாம்.

நேரத்தையும் அறிந்திருக்க வேண்டும். அதிகாலைக் குளிர்ச்சியில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். தொழிலாளர்கள் நெற்றி விளக்கோடு விடியுமுன் வேலைக்குச் சென்றதன் காரணம் இதுவே. நண்பகலில் வந்து படம் எடுக்கும் குழுவுக்குப் பால் அவ்வளவாகக் கிடைக்காது. இருளில் நகரும் விளக்கொளியும் கிடைக்காது.

ஒலியும் ஒரு மூலப்பொருளே. பட்டையை உளி சீவும் ஓசை, சருகின் மீது நடக்கும் காலடி, கொசுவின் ரீங்காரம் ஆகியவற்றைத் தனியே பதிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் எவரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்வது வழக்கம். பின்னர் படத்தொகுப்பின்போது, காட்சி இல்லாத இடத்தில் இவ்வொலி காட்சியின் வேலையைச் செய்யும்.

பேட்டி எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். ‘தோட்ட வாழ்க்கை கடினமாக இருந்ததா, பாட்டி?’ என்று கேட்டால், ‘ஆமாம்’ என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடும். ‘காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், பாட்டி?’ என்று கேட்டால் அடுப்பு, சாயத் தண்ணீர், தூங்கும் பிள்ளை, ஆயக்கொட்டகை என ஒரு முழுக்காலைப்பொழுதே கண்முன் விரியும். விடை முடிந்ததும் அடுத்த கேள்விக்கு அவசரப்படாமல் சற்றுப் பொறுத்திருந்தால், சொல்லாமல் விட்டதையும் அவர் சொல்லக்கூடும்.

அசையாப் படம் அசைந்த கதை

பழைய நிழற்படங்கள் சில மட்டுமே கிடைத்தால் என்ன செய்வது? இதற்குக் கனடா நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. அந்நாட்டின் தேசியத் திரைப்பட வாரியம் 1957ஆம் ஆண்டு ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ என்னும் ஆவணப்படத்தை வெளியிட்டது. தங்கம் தேடி மக்கள் குவிந்த டாசன் நகரம் பின்னாளில் வெறிச்சோடிப்போன கதை அது. தங்க வேட்டைக் காலத்துக் காட்சிகளுக்கு இயக்குநர்கள் அன்றைய அசையா நிழற்படங்களையே நம்பினர். கேமரா அவற்றின் மீது மெல்ல நகர்ந்தது. ஒரு முகத்தில் நின்றது. பிறகு கூட்டத்தைக் காட்டியது. அந்நகரில் வளர்ந்த எழுத்தாளர் பியர் பெர்ட்டன் பின்னணிக் குரல் கொடுத்தார். அந்தப் படத்தின் நீளமும் ஏறத்தாழ 22 நிமிடமே. பிற்காலத்தில் இம்முறையைப் புகழ்பெறச் செய்த அமெரிக்க இயக்குநர் கென் பர்ன்ஸ், இப்படத்தைத் தம் முன்னோடிகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டுள்ளார்.

ஈய வளம் குன்றிய கிந்தா பள்ளத்தாக்குக்கும் கலைந்துபோன தோட்டங்களுக்கும் இம்முறை நன்கு பொருந்தும். ஒரு குடும்பத்தின் திருமணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் லயத்தின் கூரை தெரியலாம். ஓரத்தில் ஒரு மிதிவண்டி தெரியலாம். கவனித்துப் பார்த்தால் ஒரே படத்திலிருந்து நான்கைந்து காட்சிகள் பிறக்கும்.

எல்லையை அறிதல்

குறைந்த மூலப்பொருளோடு பணியாற்றுவோர் சில எல்லைகளை மீறக் கூடாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் படத்தைப் பேராக்கின் இரப்பர்த் தோட்டத்து லயம் என்று காட்டுவது பொய். நடித்துக் காட்டிய காட்சியாயின் அதைத் திரையில் எழுதிக் காட்ட வேண்டும். செவிவழிக் கதையைச் செவிவழிக் கதை என்றே சொல்ல வேண்டும். குடும்பப் படங்களை இசைவு பெற்ற பின்னரே பயன்படுத்த வேண்டும். முதியவர் ஒருவர் கண்கலங்கும்போது கேமராவை நிறுத்த வேண்டுமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

இந்நேர்மைக்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. சிறிய தோட்டங்கள் பலவற்றைப் பற்றி நூல்கள் எழுதப்படவில்லை. அங்குப் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வயதாகிவருகிறது. உள்ளூர்த் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றே அந்தத் தோட்டத்தின் ஒரே பதிவாகவும் அமைந்துவிடலாம். அதில் ஒரு பிழை புகுந்தால், அதைத் திருத்தச் சொல்ல நாளை எவரும் இல்லாமற்போகலாம். நிகழ்ச்சியில் இடம்பெறுவது 22 நிமிடமே ஆனாலும், பதிவு செய்த பேட்டிகள் பல மணி நேரம் நீளும். அவற்றின் ஒரு படியைப் பேட்டி அளித்த குடும்பத்துக்கும் அருகிலுள்ள பள்ளிக்கும் கொடுத்து வைப்பது சிறந்த பழக்கமாகும்.

இதைத் தொடங்கப் பெரிய நிலையம் தேவையில்லை. ஒரு கைப்பேசி, மூன்று பத்தி பிரித்த ஒரு தாள், தெளிவான ஒரு கேள்வி ஆகியவை போதும். உங்கள் தாத்தா பாட்டியோ அண்டை வீட்டு முதியவரோ தோட்டத்தில் வாழ்ந்தவராக இருந்தால், அவர் அங்கிருந்து எதை எடுத்து வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் உள்ளே சென்று அப்பொருளைக் கொண்டு வந்து காட்டும்போது, உங்கள் நிகழ்ச்சியின் முதல் காட்சி கிடைத்துவிடும்.