பிளாஸ்கில் என்ன கஞ்சி?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் இறங்குகிறவர்களில் பலர் கையில் ஒயர்கூடை இருக்கும், அதற்குள் ஒரு பிளாஸ்க். அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினருக்கான கஞ்சி அது. பல வீடுகளில் அது ஜவ்வரிசிக் கஞ்சி. “லேசா இருக்கும், உடனே செரிச்சிடும்” என்பார்கள். செரிப்பது உண்மைதான். ஆனால் தேறவேண்டிய உடம்புக்கு அதில் என்ன இருக்கிறது?

கிழங்கும் தானியமும்

ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருவது. சேலம் வட்டாரத்து ஆலைகளில் கிழங்கைத் தோல் நீக்கி, அரைத்து, பாலெடுத்து, தொட்டியில் தெளியவைக்கிறார்கள். அடியில் படியும் மாவை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. கிழங்கின் நார் திப்பியோடு போய்விடுகிறது. இருந்த கொஞ்சம் புரதமும் கழுவிய தண்ணீரோடு போய்விடுகிறது. மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து.

100 கிராம் ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி இருக்கிறது. புரதம் 0.2 கிராம், கால்சியம் 10 மில்லிகிராம், அவ்வளவுதான். கஞ்சிக்கு மாற்றாகக் கேழ்வரகை எடுத்துக்கொண்டால், அதே அளவில் சுமார் 320 கலோரி, 7 கிராம் புரதம், 11 கிராம் நார்ச்சத்து, 340 முதல் 360 மில்லிகிராம் கால்சியம். கலோரியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது கேழ்வரகில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்.

காசநோய்க்குச் சாப்பாடும் வைத்தியம்

1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து இந்த மருத்துவமனையைச் சானடோரியமாகத் தொடங்கியபோது காசநோய்க்கு மாத்திரை கிடையாது. காற்றோட்டம், ஓய்வு, நல்ல உணவு, இவைதான் சிகிச்சை. இன்று மருந்து இருக்கிறது. உணவின் வேலை அப்படியே இருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் உணவுப்பொருள் கொடுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளின் சத்துணவுக்காக அரசு தரும் தொகையும் 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அந்தப் பணம் புரதமாகத் தட்டில் வரவேண்டும். கேழ்வரகு மட்டும் அதற்குப் போதாது. கஞ்சியோடு ஒரு முட்டையோ, ஒரு பிடி வேர்க்கடலையோ, பொட்டுக்கடலை மாவோ சேரட்டும்.

புளித்த கூழின் நன்மை

குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வெயில் காலத்தில் சாலையோரம் கேழ்வரகுக் கூழ் வண்டி நிற்கும். சொம்பில் மோர் விட்டுக் கரைத்த கூழ், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு. இந்தச் சேர்க்கையில் நல்ல அறிவு இருக்கிறது. கேழ்வரகிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும். மாவை இரவு முழுக்கப் புளிக்கவிட்டாலும், தானியத்தை முளைகட்டினாலும் அது குறைகிறது. மாங்காயின் வைட்டமின் சி இரும்புச்சத்து சேர உதவுகிறது. மோர் தன் பங்குக்குக் கொஞ்சம் புரதமும் கால்சியமும் தருகிறது. வண்டியில் குடிப்பவர்கள் தண்ணீர் சுத்தமானதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு

கேழ்வரகு என்றாலே சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் பலமாக இருக்கிறது. அது தவறு. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். அடையாகவோ, முருங்கைக்கீரை சேர்த்த ரொட்டியாகவோ அளவோடு சாப்பிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் ஜவ்வரிசியைத் தள்ளிவைப்பதே நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்த மாற்றத்தையும் மருத்துவரிடம் கேட்டே செய்யவேண்டும்.

எப்போது எது?

காய்ச்சலில் வாய் கசந்து எதுவும் இறங்காத ஓரிரு நாள் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கலாம். தெம்புக்கு அந்தக் கலோரி உதவும். பால் சேர்த்தால் இன்னும் நல்லது. பசி திரும்பியதும் கேழ்வரகுக்கு மாறுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்குவதும் முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சியாக இருக்கட்டும். முளைகட்டிய மாவு கஞ்சியை நீர்க்கச் செய்யும் என்பதால், சற்றுக் கூடுதலாக மாவு போட்டுக் காய்ச்சினாலும் குழந்தை எளிதாக விழுங்கும்.