‘வெளியேறு’ என்றொரு பொத்தான்

அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பம் போடும் செயலியைத் திறக்கிறீர்கள். வேலை முடிந்ததும் மேல் மூலையில் உள்ள ‘வெளியேறு’ பொத்தானை அழுத்துகிறீர்கள். “வெளியேறிவிட்டீர்கள்” என்று திரை சொல்கிறது. உடனே அதே முகவரியை மறுபடி திறந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்காது. உங்கள் பெயரைச் சொல்லி வரவேற்கும். முதல்முறை இதைக் கண்டபோது ஏதோ பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு கணினிப் பிரிவுக்குப் புகார் எழுதினேன். “அது அப்படித்தான் சார்” என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அந்த ஒரு வரிக்குள் இத்தனை இருக்கும் என்று அப்போது தெரியாது.

முதலில் ஒன்று. இணையத்துக்குப் பிறவியிலேயே ஞாபகமறதி. டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த ஹெச்டிடிபி நெறிமுறையில் ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனி. நீங்கள் ஒரு பக்கம் கேட்டீர்கள், சர்வர் கொடுத்தது, அத்தோடு உறவு முடிந்தது. அடுத்த நொடி இன்னொரு பக்கம் கேட்டால் நீங்கள் யாரோ, எவரோ. கட்டுரை படிக்க இது போதும். கடையில் பொருள் வாங்கவோ சம்பளச் சீட்டு பார்க்கவோ போதாது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். அதன் பெயர் குக்கீ.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர் உங்கள் பெயரைக் கேட்பதில்லை, முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை. எண் பொறித்த தகடு ஒன்றைக் கையில் தருகிறார். திரும்பி வந்து அதை நீட்டினால் செருப்பு வரும். குக்கீயும் அதுதான். நீங்கள் யார் என்று ஒருமுறை நிரூபித்ததும் சர்வர் ஒரு எண்ணை உலாவியிடம் தருகிறது. பிறகு ஒவ்வொரு சொடுக்குக்கும் உலாவி அந்தத் தகட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறது. தகடு செல்லுபடியாகும் காலத்துக்கு ‘அமர்வு’ என்று பெயர்.

47-ஆம் எண் தகட்டை வைத்திருப்பவர் 48 என்று பொய் சொன்னால்? கோயில் வாசலில் நல்ல செருப்பு ஒன்று போகும். இணையத்தில் அது நடக்காததற்குக் காரணம் எண்ணின் நீளம். டாம்கேட் என்ற பிரபலமான சர்வர் மென்பொருள் தரும் தகட்டில் 128 பிட் நீளமுள்ள தற்செயல் எண் இருக்கும். திரையில் அது வெறும் 32 எழுத்து. ஆனால் சாத்தியமான எண்களோ 34-க்குப் பின்னால் 37 சைபர் போடும் அளவு. விநாடிக்கு ஒரு லட்சம் கோடி எண்களை ஊகித்துப் பார்க்கும் எந்திரம் இருந்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப்போல 78 கோடி மடங்கு காலம் ஆகும்.

உலாவிக்கு ஒரு கண்டிப்பும் உண்டு. ஒரு தளம் கொடுத்த தகட்டை வேறொரு தளத்திடம் அது காட்டவே காட்டாது. அப்படியானால் காலையில் ஒரே ஒருமுறை கடவுச்சொல் கொடுத்த நீங்கள் விடுப்புச் செயலிக்குள்ளும், கிடங்கு இருப்புச் செயலிக்குள்ளும், பயணப்படிச் செயலிக்குள்ளும் எப்படி நுழைகிறீர்கள்? இந்த வசதிக்கு ‘ஒற்றை உள்நுழைவு’ என்று பெயர். கணினிப் பிரிவில் எல்லோரும் சொல்வது எஸ்எஸ்ஓ.

கிடங்குச் செயலியை முதன்முறை திறக்கும்போது உங்களிடம் அதன் தகடு இல்லை. அது கடவுச்சொல்லும் கேட்பதில்லை; அந்தப் பொறுப்பே அதற்குக் கிடையாது. “அங்கே போய் உன்னைக் காட்டிவிட்டு வா” என்று உலாவியைத் திருப்பி அனுப்புகிறது. ‘அங்கே’ இருப்பவர் அடையாள வழங்குநர். ஊழியர் யார் யார் என்று அறிந்த ஒரே சர்வர் அது. மைக்ரோசாஃப்டின் என்ட்ரா ஐடி, ஆக்டா, கீக்ளோக் போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. காலையில் நீங்கள் கடவுச்சொல் கொடுத்தது அங்கேதான், அதன் தகடு உலாவியிடம் இருக்கிறது. தகட்டைப் பார்த்ததும் அடையாள வழங்குநர் “இவர் இன்னார்” என்று ஒரு கடிதம் எழுதி உலாவியின் கையிலேயே கொடுத்துவிடுகிறது. உலாவி அதைக் கொண்டுபோய்க் கிடங்குச் செயலியிடம் சேர்க்கிறது. செயலி படித்துப் பார்த்துத் தன் சொந்தத் தகடு ஒன்றைத் தருகிறது. இத்தனையும் திரை ஒருமுறை மினுக்கும் நேரத்துக்குள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: செயலியும் அடையாள வழங்குநரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. யாருக்குச் சான்று தேவையோ அவரே சான்றைச் சுமந்து வருகிறார். வழியில் பெயரை மாற்றி எழுதிக்கொண்டால் என்ன செய்வது?

நம் ஊரில் சான்றிதழ் நகலில் கெசட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் வாங்குகிறவர் அந்த அதிகாரிக்குப் போன் போடுவதில்லை. மையை நம்பிவிடுகிறார். கடிதத்தில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பம் அந்தப் பச்சை மை மாதிரி. பேனா வாங்கிப் போலியாகப் போட முடியாது என்பதுதான் வித்தியாசம். பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் கண்டறிந்த ஆர்எஸ்ஏ முறை. அதன் மையத்தில் இரண்டு ரகசியப் பகா எண்களைப் பெருக்கிக் கிடைத்த 617 இலக்க எண் ஒன்று இருக்கும். வரிக்கு 60 இலக்கமாக எழுதினால் பத்து வரியைத் தாண்டும். பெருக்கல் தொகையைக் காட்டி, பெருக்கிய இரண்டு எண்களையும் சொல் என்பதுதான் போலிக்காரனுக்கு விடப்படும் சவால். 2020-இல் ஒரு ஆராய்ச்சிக் குழு 250 இலக்க எண் ஒன்றை இப்படிப் பிரித்துக் காட்டியது. அதற்கு ஒரே ஒரு பிராசசர் கோரை மட்டும் நம்பியிருந்தால் ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். சங்க காலத்துக்கும் முன்பே கணக்கைத் தொடங்கியிருக்க வேண்டும். 617 இலக்கம் என்றால்? கேட்கவே வேண்டாம்.

கடிதத்தின் உள்ளடக்கத்திலும் தந்திரம் இருக்கிறது. இது எந்தச் செயலிக்காக எழுதப்பட்டது, எந்தக் கேள்விக்குப் பதில், எப்போது காலாவதி ஆகும் என்பதெல்லாம் கையொப்பத்துக்குள் அடக்கம். கிடங்குக்கு எழுதிய கடிதத்தைச் சம்பளச் செயலியிடம் நீட்டினால் செல்லாது. இந்தக் கடிதத்தை எழுதும் முறைகளில் முக்கியமானவை இரண்டு: 2005-இல் வந்த சாமல் 2.0, 2014-இல் வந்த ஓப்பன் ஐடி கனெக்ட்.

ஒற்றை உள்நுழைவு என்ற யோசனை இவற்றைவிடப் பழையது. 1983-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் அதீனா என்ற திட்டத்தைத் தொடங்கி, வளாகம் முழுக்கக் கணினிகளை நிறுவியது. எந்த மாணவர் எந்தக் கணினியிலும் வந்து உட்காரலாம். அதற்காக உருவானது கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. காலையில் ஒரு சீட்டு வாங்கினால், அதைக் காட்டி அந்தந்தச் சேவைக்கான தனிச்சீட்டுகளை வாங்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாஃப்டும் இதையே எடுத்துக்கொண்டது. அங்கே சீட்டின் வழக்கமான ஆயுள் 10 மணி நேரம். இரு கணினிகளின் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் முன்பின்னாக இருந்தால் கதவு திறக்காது. பழைய சீட்டை ஒட்டுக்கேட்டு மறுபடி நீட்டுகிறவனைப் பிடிக்கக் கடிகாரம்தான் துணை. மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்துபோன கணினி, கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாமல் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது என் புகாருக்கு வருவோம். உங்களிடம் இருந்தது ஒரு தகடு அல்ல, இரண்டு. விடுப்புச் செயலியில் ‘வெளியேறு’ என்றதும் ரத்தானது அதன் தகடு மட்டும்தான். அடையாள வழங்குநரின் தகடு அப்படியே இருந்தது. மறுபடி முகவரியைத் திறந்தீர்கள், செயலி அங்கே அனுப்பியது, அங்கே தகடு செல்லுபடி, கடிதம் வந்தது, கதவு திறந்தது. பொத்தான் பொய் சொல்லவில்லை, பாதி உண்மை சொன்னது.

இதைவிட மோசமானது எதிர்த்திசை. ஒரு ஊழியர் நண்பகலில் வேலையை விட்டு நீக்கப்படுகிறார். அடையாள வழங்குநரில் அவர் கணக்கை மூடிவிட்டார்கள். ஆனால் கிடங்குச் செயலி காலையிலேயே தன் தகட்டைக் கொடுத்துவிட்டது. அது மாலைவரை செல்லும் என்றால் மாலைவரை அவர் உள்ளேதான் இருப்பார். உள்ளே விடுவதற்குச் செலவிட்ட மூளையைப்போல இரண்டு மடங்கு மூளை வெளியே அனுப்புவதற்கு வேண்டியிருக்கிறது என்பது என் கணிப்பு.

எளிய வழி, ஆயுளைக் குறைப்பது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, நடுத்தரப் பாதுகாப்பு தேவைப்படும் இடங்களில் 30 நிமிடம் கை வைக்காமல் இருந்தாலும், மொத்தம் 12 மணி நேரம் கடந்தாலும் அடையாளத்தை மறுபடி கேட்கச் சொன்னது. நேர்மாறாக, என்ட்ரா ஐடியில் யாரும் எதையும் மாற்றாவிட்டால் 90 நாள் தவணைதான். மேலோட்டமாகப் பார்த்தால் அசட்டுத்தனம். ஆனால் அரைமணிக்கு ஒருமுறை கடவுச்சொல் கேட்டால் மனிதர்கள் யோசிக்காமல் தட்டப் பழகிவிடுவார்கள், போலிப் பக்கம் கேட்டாலும் தட்டிவிடுவார்கள் என்பது மைக்ரோசாஃப்டின் வாதம்.

சேவைகளிடம் காட்டுவதற்கு என்ட்ரா ஐடி தரும் அனுமதிச் சீட்டான அணுகல் டோக்கனின் ஆயுளில் ஒரு குறும்பு உண்டு. அது 60 நிமிடமும் அல்ல, 90 நிமிடமும் அல்ல. இடையில் ஏதோ ஒன்று, ஒவ்வொரு முறையும் குலுக்கல் முறையில். காரணம், போக்குவரத்து நெரிசல். ஒன்பது மணிக்கு உள்ளே வந்த அத்தனை பேரின் டோக்கனும் பத்து மணிக்கு ஒரே நேரத்தில் காலாவதியானால் சர்வர் வாசலில் தள்ளுமுள்ளு ஆகிவிடும். அதைச் சிதறடிக்கத்தான் இந்தக் குலுக்கல். பின்னர் வந்த ‘தொடர் அணுகல் மதிப்பீடு’ இன்னும் விசித்திரம். அதில் டோக்கனின் ஆயுள் 28 மணி நேரம்வரை நீள்கிறது. ஆனாலும் பாதுகாப்பு கூடுகிறது. கணக்கு மூடப்பட்டது, கடவுச்சொல் மாறியது போன்ற செய்திகளைச் சேவைகளுக்கு அடையாள வழங்குநரே உடனுக்குடன் தள்ளிவிடுகிறது. அதிகபட்சம் 15 நிமிடத் தாமதம். நிறுவனம் தானே எழுதிக்கொண்ட செயலிக்கு இந்த மொழி புரிய வேண்டுமானால், அதை எழுதியவர் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

எழுதியவர் என்றோ வேலையை விட்டுப் போயிருந்தால்? செயலியின் ஒரு வரியைக்கூடத் தொடாமல் கட்டுப்படுத்தும் வித்தை ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் ஃபார் கிளவுட் ஆப்ஸ் செய்வது அதைத்தான். அடையாள வழங்குநர் கடிதத்தைச் செயலிக்கு அனுப்பாமல் நடுவில் நிற்கும் ஒரு காவலாளிக்கு அனுப்புகிறது. ரிவர்ஸ் பிராக்ஸி என்பார்கள். செயலியின் சார்பில் வாசலில் நிற்கும் சர்வர். உள்ளே போகும் வரும் ஒவ்வொரு பக்கமும் அதன் வழியே போகும். முகவரியின் கடைசியில் ‘எம்சிஏஎஸ் டாட் எம்எஸ்’ என்று ஒரு வால் முளைத்திருப்பதைப் பார்த்திருக்கலாம். பக்கத்தில் உள்ள இணைப்புகளையும் காவலாளி போகிற போக்கில் திருத்தி அதே வாலை ஒட்டிவிடுகிறது. இதை வைத்து நிறுவனம் இப்படி விதி வகுக்கலாம்: அலுவலக மடிக்கணினியில் வந்தால் எல்லாம் செய்யலாம். சொந்தக் கைபேசியில் வந்தால் பார்க்கலாம். பதிவிறக்கவோ நகலெடுக்கவோ அச்சிடவோ முடியாது.

கெட்டிக்காரர் ஒருவர் முகவரியிலிருந்து வாலை மட்டும் அழித்துவிட்டுத் திறந்தால்? தகடு கொடுக்கப்பட்டது வால் உள்ள பெயருக்கு. வால் இல்லாத பெயருக்கு உலாவி அதைக் காட்டாது. செயலி இவரை அடையாள வழங்குநரிடம் அனுப்பும், அது மறுபடி காவலாளியிடம் அனுப்பும். சுற்றிச் சுற்றி அதே வாசல்.

சொந்தச் செயலியை இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரும்போது பெரும்பாலும் கால் இடறுவது ஒரே இடத்தில்: செயலி பயன்படுத்தும் எல்லா இணையப் பெயர்களையும் பட்டியலிட வேண்டும். பக்கம் ஒரு பெயரிலிருந்தும், கோப்பு இன்னொரு பெயரிலிருந்தும் வரும். இரண்டாவதை மறந்தால் முன்வாசலில் காவலாளி நிற்க, கோப்புகள் கொல்லைப்புறமாகப் போய்க்கொண்டிருக்கும். இன்னொரு கண்ணி, கையொப்பச் சான்றிதழ். என்ட்ரா ஐடியில் அதன் வழக்கமான ஆயுள் 3 ஆண்டு. யாரும் புதுப்பிக்காவிட்டால் ஒரு காலையில் மொத்த அலுவலகமும் வெளியே நிற்கும்.

ஒரே பொத்தானில் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற வழியே இல்லையா? இருக்கிறது. அடையாள வழங்குநர், தன் பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிச் சட்டகங்களில் ஒவ்வொரு செயலியின் வெளியேறும் பக்கத்தையும் திறந்து தகடுகளை ரத்துசெய்யப் பார்க்கும். தனியுரிமைக்காக அயல் தளக் குக்கீகளைத் தடுக்கும் உலாவிகளில் இது பெரும்பாலும் பலிக்காது. வேறு வழி, சர்வருக்கு நேரே செய்தி அனுப்புவது. அந்த ஒரு வேலைக்காக, இதுவரை பேசிக்கொள்ளாத இருவரும் பேசியாக வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் தகட்டின் பிறவிக் குறை ஒன்று மிச்சம். யார் நீட்டினாலும் செருப்பு வரும். 2010-இல் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற சிறு நிரலை வெளியிட்டார். பூட்டில்லாத வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் குக்கீயை எடுத்து, அவராகவே ஃபேஸ்புக்கில் நுழைய ஒரு சொடுக்கு போதும் என்று அது காட்டியது. பரிமாற்றம் பெரும்பாலும் மறையாக்கப்பட்ட இன்றோ, திருட்டு நிரல்கள் கணினிக்குள்ளேயே புகுந்து தகடுகளை அள்ளுகின்றன. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் தகடு கிடைக்கிறது என்பதால், அதைத் திருடியவனுக்கு ஓடிபி தொல்லையும் கிடையாது.

2024-இல் கூகுள் குரோம் குழு இதற்கு ஒரு மாற்றை அறிவித்தது. குக்கீயின் ஆயுளை மிகவும் சுருக்கிவிட்டு, புதுப்பிக்கும்போதெல்லாம் கணினிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப் கையொப்பமிட வேண்டும் என்கிறது அது. அந்தக் கையொப்பத்துக்கான சாவி சிப்பை விட்டு வெளியே வராது, அதன் சொந்தக்காரரே கேட்டாலும். தகட்டைத் திருடியவன் தாராளமாக ஓடலாம். தெருமுனையைத் தாண்டுவதற்குள் கையில் இருப்பது எண் அழிந்த தகரத் துண்டு.